தொண்டு என்ற சொல்லும் ‘அ’ பதிவேடும்

தமிழ்நாட்டில் சமூகநீதியின் வரலாறு என்று நமக்கு எழுதித் தரப்பட்டிருப்பது ஒன்று தலைவர்களின் வரலாறு, இல்லையென்றால் அரசாணைகளின் வரலாறு. 1921 வகுப்புவாரி ஆணை, 1951 அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், 1990 மண்டல் என்று மைல்கல் நட்டுக்கொண்டே போய்விடலாம். இந்தக் கதையாடலுக்குள் வராத ஒரு உருவம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியின் மன்றக் கட்டடத்தில் பாயை விரித்து, ஜெராக்ஸ் கட்டொன்றைப் பிரித்துப் போட்டு, புல எண்களைச் சத்தமாக வாசிக்கிற ஆள். சம்பளம் கிடையாது. கட்சிப் பொறுப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலேயே மொழிக்குத் தடுமாற்றம் இருக்கிறது. தொண்டர் என்றால் கட்சிக்காரர் என்றாகிவிட்டது. சமூக சேவகர் என்றால் வேட்டி சேலை வழங்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர். களப்பணியாளர் என்றால் மாதச் சம்பளமும் மாத அறிக்கையும் உள்ளவர். செயற்பாட்டாளர் என்ற சொல்லை நாம் எழுதுகிறோமே தவிர அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. ஊரில் அவருக்குப் பெயர் ‘மனு எழுதுற தம்பி’. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பஞ்சமி நிலத்தைத் தேடுகிற இப்படியான சிறு குழுக்களோடு சில வருஷங்களாக எனக்குப் பழக்கம். (ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் எழுதப்போவதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிற இடங்கள்.) அவர்கள் செய்வது என்ன, எப்படிச் செய்கிறார்கள் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். கூடவே ஒரு வாதமும் உண்டு. இக்குழுக்களின் வேலையைத் ‘தொண்டு’ என்று விளங்கிக்கொள்ளும்போது அதன் அரசியல் நம் கையைவிட்டு நழுவிப்போகிறது. அதை ஒரு வாசிப்பு என்றே விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவன் எல்லாவற்றையும் வாசிப்பு என்றுதான் சொல்வான் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். சொல்லட்டும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தொண்டு என்பதற்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்று அடிமைத்தனம். சுந்தரர் அடியார்களைத் தொகுத்துப் பாடியது திருத்தொண்டத்தொகை. நம்பியாண்டார் நம்பி அதை விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் காவியமாக்கினார்; பெரியபுராணம் என்று நாம் சொல்வதன் பெயர் திருத்தொண்டர் புராணம். ஆண்டவனுக்கு அடிமையாவதன் மூலம் மற்ற அடிமைத்தனங்களைக் கடந்துவிடலாம் என்ற புனைவு அதற்குள் இயங்குகிறது. வெறும் புனைவு என்று தள்ளிவிடவும் முடியாது. குயவரும் வண்ணாரும் வேடரும் அந்தத் தொகைக்குள் வர முடிந்தது இதனால்தான். ஆனால் வருகிறவர்கள் பலரும் தங்கள் சாதித் தொழிலைத் தலையில் சுமந்துகொண்டே வருகிறார்கள்.

நந்தனார் என்று பின்னால் பெயர் பெற்ற திருநாளைப்போவார் செய்த தொண்டு என்ன? கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது. தோல் உள்ளே போகும். கொடுத்தவர் போக முடியாது. இதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. இதே இடத்தில் சேக்கிழார் போகிற போக்கில் தருகிற ஒரு தகவலுக்குத்தான் உரிய கவனம் கிடைக்கவில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த அவருக்கு ஊர் விட்ட ‘பறைத்துடவை’ இருந்தது. பறைத் தொழிலுக்காக ஊர் ஒதுக்கிய மானிய நிலம். சோற்றுக்கு அதுதான் ஆதாரம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைக்கு வரும்போது அந்தத் துண்டு நிலம் காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பதிலாகச் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் எஜமானராக வந்து உட்காருகிறார். நாற்பது வேலியையும் அறுத்துக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். காவியத்தில் மானியக்காரனாக இருந்தவன் கீர்த்தனையில் பண்ணையாள். இலக்கியத்தை வைத்து நில வரலாறு எழுதக்கூடாதுதான். ஆனால் இரண்டு பிரதிகளுக்கும் இடையில் ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது என்பதைப் பார்க்க வரலாற்று ஆசிரியர் அனுமதி தேவையில்லை. அயோத்திதாசர் நந்தனை ஒரு பௌத்த அரசனாகவே எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். நிலம் போனவனுக்கு நாட்டையே எழுதிவைக்கிறார்.

கீர்த்தனை உலவிய அதே நூற்றாண்டில் செங்கல்பட்டில் நிலைமை என்னவாக இருந்தது? அது மிராசு பிரதேசம். கிராமத்தின் விளைநிலம் மட்டுமல்ல, தரிசு, நத்தம், சேரிக் குடிசை நிற்கிற மண் வரைக்கும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். பண்ணையாள் ஒருவன் தரிசுக்குத் தர்க்காஸ்து போட்டால் முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் அதுவரை அந்தத் தரிசைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மனு வந்ததும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்பார். மனு போட்டவனுக்கு அப்புறம் வேலையும் போகும், குடிசையும் போகும். 1891இல் அங்கு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இந்தப் பொறியமைப்பை விவரித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசாங்கம் 1010, 1010-ஏ என்ற எண்ணிட்ட வருவாய்த்துறை ஆணைகளைப் போட்டது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் விற்பதானால் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனைகள். இப்படிக் கொடுக்கப்பட்ட நிலம் மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. மக்கள் வழக்கில் பஞ்சமி நிலம். தாலுகா அலுவலகத்தில் ‘டி.சி. நிலம்’. டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் முதலெழுத்துகள்.

டிரமென்ஹீரைத் தெய்வமாக்குகிற ஒரு போக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் ஒரு நல்ல வாசகர், அவ்வளவுதான்; தன் அரசாங்கத்தின் தர்க்காஸ்து விதிகளை அவற்றால் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து வாசித்தார். அதே 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் அயோத்திதாசரின் திராவிட மகாஜன சபை கூடிக் கல்வி, வேலை, பொதுக்கிணறு என்று கோரிக்கைத் தீர்மானங்கள் போட்டது. இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் வரை போயிற்று. அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் பௌத்த சங்கக் கிளை வைத்திருந்தார்கள். அயோத்திதாசரின் எழுத்துகளைப் பின்னாளில் நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை. பல்கலைக்கழகமல்ல. இன்றைய மன்றத்து ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதான் முன்வரலாறு. பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்து சந்தா கட்டிப் பத்திரிகை வாங்கியவர்களை எந்த அர்த்தத்தில் தொண்டர் என்பது? தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்ட வேலை அது.

மனுவின் மொழி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மனுக்கள் ‘மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரையவர்கள் திவ்விய சமுகத்துக்கு’ என்ற ரீதியில்தான் தொடங்கும். சமுகம் என்றால் முன்னிலை. துரையின் முகத்துக்கு நேரே நிற்பது. கூட்டம் என்ற பொருளுடைய சமூகம் வேறு சொல். எழுதுகிறவர்கள் குறிலையும் நெடிலையும் கலந்தே எழுதினார்கள். இன்று ‘சமூகநீதி’ என்கிறோம். துரையின் முன்னால் கைகட்டி நிற்பதைக் குறித்த சொல்லும், சேர்ந்து வாழ்கிறவர்களைக் குறித்த சொல்லும் ஒரே காகிதத்தில் உரசிக்கொண்டு கிடந்தன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றைய மனுவிலும் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ இருக்கிறது. குழுவில் ஒரு பெண் அதை அடித்துவிட்டு ‘கோருகிறேன்’ என்று எழுதுவார். தட்டச்சு செய்து வரும்போது திரும்பவும் ‘தாழ்மையுடன்’ வந்து உட்கார்ந்திருக்கும். கலெக்டர் ஆபீஸ் வாசல் தட்டச்சுக்காரரின் விரல் அப்படிப் பழகிவிட்டது.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். முதலில் பேச்சு, காகிதம் பிறகுதான். ஊரில் வயதானவர்களிடம் போய் உட்கார வேண்டும். ‘அந்த நெலம் டிசி நெலம்னு எங்க நைனா சொல்லும். பட்டா எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது தம்பி, நெலம் எங்க இருக்குதுன்னு தெரியும்’ என்றார் ஒரு பெரியவர். தோ அந்தப் பனைமரம், அப்புறம் ஒரு கிணறு, இப்ப தூந்துபோச்சு, அதிலிருந்து ஏரிக்கரை வரைக்கும். இந்த வாய்மொழி எல்லையைப் புல எண்ணாக மொழிபெயர்க்க வேண்டும். கிராம வரைபடத்தை விரித்து, பனைமரத்தை மனதில் நட்டு, எண்ணைக் கண்டுபிடிப்பார்கள். அதற்கப்புறம்தான் ‘அ’ பதிவேடு. கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பு, தீர்வை, வகைப்பாடு, உடையவர் பெயர் என்று கட்டம் போட்ட பதிவேடு அது. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். ‘டி.சி.’ என்ற எழுத்துகளோ, நிபந்தனை ஒப்படை என்ற வாசகமோ இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் இருக்காது. 1979இலிருந்து 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது, யு.டி.ஆர். என்றால்தான் யாருக்கும் புரியும். அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயருக்குப் பதிவேட்டைப் புதுப்பித்தார்கள். நிலம் கைமாறியது எப்படி என்று கேட்பது அந்தத் திட்டத்தின் வேலையாக இல்லை. 50 ரூபாய்க் கடனுக்கு எழுதி வாங்கியதும், கைநாட்டுப் பத்திரமும், மிரட்டி உழுததும் எல்லாம் ஒரே மாதிரி சுத்தமான பட்டாவாகிவிட்டன. குறிப்புக் கட்டத்தில் இருந்த இரண்டெழுத்து, நகல் எடுத்த குமாஸ்தாவின் கையில் உதிர்ந்துபோனது. வேண்டுமென்றே விட்டாரா, கை வலித்து விட்டாரா என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதிகாரம் செயல்பட சதி தேவையில்லை, படிவம் போதும் என்று ஃபூக்கோவைப் படித்துத் தெரிந்துகொண்டோம் நாம். மன்றத்துப் பையன்கள் ஜெராக்ஸைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைத் தேட வேண்டும். பழைய செட்டில்மெண்ட் பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருக்கலாம், மாவட்டப் பதிவறையில் இருக்கலாம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு இதற்கொரு வழி பிறந்தது. பத்து ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி மனு, 30 நாள் கெடு, பதில் வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வரும். ‘மேற்படி ஆவணம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்று வரும். அப்படி வரும் கடிதங்களையும் குழு எறிவதில்லை. எந்த ஆபீஸ் எந்த வருஷம் எது இல்லை என்று எழுதிக்கொடுத்தது என்பதற்கு ஒரு தனி ஃபைல். பின்னொரு நாள் அதே ஆபீஸ் அதே ஆவணத்தைக் காட்டி எதிர்த்தரப்புக்குச் சான்று தரும்போது இந்த ஃபைல் பேசும். இன்மைகளைத் தேதிவாரியாக அடுக்கிவைக்கிற இதைவிடக் கறாரான பிரதி ஆய்வை நான் எந்தக் கருத்தரங்கிலும் பார்த்ததில்லை.

பழைய பதிவேடு கிடைத்துவிட்டால் அடுத்த சிக்கல் பெயர். ஒரே பக்கத்தில் ஐந்து முனியன் இருப்பார்கள். இனிஷியல் இருக்காது. தகப்பன் பெயர் சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. மிராசுதார் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டம், ஊர், கோத்திரம் என்று ஒரு வரி நிறைய எழுதியவர்களுக்கு இவர்களை எழுத ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. எந்த முனியன் யாருடைய பாட்டன்? மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கொடிவழி வரைவார்கள். அத்தை வீடு, மாமன் வீடு என்று விசாரித்து வரைந்துகொண்டே போனால் பாதி காலனி ஒரே மரத்தில் வந்து நிற்கும். சாவைப் பதிவு செய்யாதவர்களுக்கு இறப்புச் சான்று வாங்குவது, அதற்கப்புறம் வாரிசுச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு எந்த வருஷம் யாருக்குக் கிரயமானது என்று பார்ப்பது: இதிலேயே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும். பிறகுதான் நிபந்தனை மீறப்பட்டது, நிலத்தை மீட்டுத் தரவும் என்ற மனு. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதே குற்றம். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் இதைச் சொன்னால் ‘இது சிவில் மேட்டர்பா’ என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஸ்டேஷனில் கேட்டிருப்பார்கள் என்று குழுவில் யாருக்கும் கணக்கில்லை.

இந்த வேலையெல்லாம் திடீரென்று முளைக்கவில்லை. 1990-91 அம்பேத்கர் நூற்றாண்டு வடமாவட்டங்களில் ஏராளமான மன்றங்களுக்குப் பெயர்ப் பலகை தந்தது. பஞ்சமி நிலம் என்ற பேச்சு அந்த மன்றங்களில்தான் மறுபடி உயிர்பெற்றது. காரணை கிராமத்தில் நிலத்துக்குள் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது, அதைத் தொடர்ந்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் நினைவு நாள் நடக்கிறது. அந்த நாளின் பேச்சுகளில் துப்பாக்கிச் சூடு வரும், தியாகம் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் யார் பதிவேட்டைப் பார்த்தது, எந்தப் புல எண் என்று யார் கணக்கெடுத்தது என்பது வராது. மேடைக்கு அது சப்பென்றிருக்கும். ஆனால் நிலத்தில் இறங்கியவர்கள் தரிசு எங்கெல்லாம் கிடக்கிறதோ அங்கெல்லாம் இறங்கவில்லை. கணக்கிட்ட எல்லைக்குள் இறங்கினார்கள். சிலை நின்ற இடம் ஒரு வாசிப்பின் முடிவு. குண்டு வந்தது அந்த வாசிப்புக்கு எதிராக.

அடித்தள மக்களால் பேச முடியுமா என்று காயத்ரி ஸ்பிவக் 1988இல் கேட்டதை நாம் நிறைய விவாதித்திருக்கிறோம். மன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேள்வி கொஞ்சம் இடம் மாறிவிடுகிறது. பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். பேசியது எந்தக் கட்டத்தில் பதிவாகிறது என்பதுதான் பிரச்சினை. அரசின் காகிதத்தை வைத்துக்கொண்டு அரசோடு மல்லுக்கட்டுவது கடைசியில் அரசின் மொழியையே உறுதிப்படுத்துவதாகாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகும்தான். ஆனால் கேட்கிறவர்களின் வீட்டுப் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி குழுவுக்குள்ளிருந்தே வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் விரிவடைந்த பிறகு, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் வந்த பிறகு, செங்கல்பட்டு மண்ணின் விலை எங்கேயோ போய்விட்டது. இன்று ‘அ’ பதிவேட்டை இரண்டு தரப்பு வாசிக்கிறது. ஒன்று மன்றம். இன்னொன்று ரியல் எஸ்டேட் புரோக்கர். புரோக்கர்கள் அசாத்தியமான வாசகர்கள். குறிப்புக் கட்டத்தில் இரண்டெழுத்து இருந்தால் விலையைக் குறைப்பார்கள், இல்லாமல் செய்யவும் வழி தெரிந்தவர்கள். இந்த நிலையில் ஒரு பையன் கேட்டான்: ‘மீட்டுக் கொடுத்தாலும் நம்ம ஆளுங்களுக்குத்தான் விக்கணும்னா, பக்கத்து நெலம் கோடி போவுது, நம்ம நெலம் மட்டும் ஏன் அம்பது லட்சம்? எங்க நெலத்த நாங்க விக்கக் கூடாதா?’ மன்றத்துப் பெரியவர் கோபப்பட்டார். ‘வித்துட்டு எங்க போவ? தாத்தா வித்ததாலதான நீ இப்ப தேடுற?’

இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் தொல்லை. நிபந்தனை, தாழ்த்தப்பட்டவனைத் தன் சொத்தைக் காப்பாற்றத் தெரியாத மைனராகப் பாவிக்கிறது. 1892இன் காலனியப் பரிவு அதில் அப்படியே உறைந்துகிடக்கிறது. அதே நிபந்தனை இல்லாவிட்டால் இன்று மீட்கச் சொல்லிக் கேட்பதற்குச் சட்டத்தில் பிடிமானம் எதுவும் கிடையாது. பறைத்துடவையும் நிபந்தனை நிலம்தான். பறையடித்தால் நிலம், இல்லையென்றால் இல்லை. டி.சி. நிலத்தில் சேவகம் என்ற நிபந்தனை போய், விற்காதே என்ற நிபந்தனை வந்தது. நிபந்தனையே இல்லாத நிலம் ஒன்றை இந்தச் சமூகம் அவர்களுக்கு எப்போதாவது கொடுத்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். என்னளவில் பெரியவர் பக்கம்தான் நிற்பேன். சந்தையில் சமமாக நிற்பது சமத்துவம் என்ற பேச்சு, கையில் ஒரு ஏக்கரும் இல்லாதவன் காதில் விழும்போது வேறு மாதிரி ஒலிக்கும். ஆனால் அந்தப் பையனைப் ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவன் கேட்டது உரிமை பற்றிய கேள்வி. தொண்டு என்ற சட்டகத்துக்குள் அப்படியொரு கேள்வி எழவே முடியாது. தொண்டில் பெறுகிறவன் நன்றி சொல்ல வேண்டும்.

தொண்டு நிறுவனங்கள் பற்றிப் பேசாமல் போக முடியாது. 80களிலும் 90களிலும் இடதுசாரிகள் இவற்றை ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி என்றார்கள். அந்தச் சண்டையில் இரு தரப்பிலும் எழுதியதில் பாதி சொந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. பழையதைக் கிளற விருப்பமில்லை. நான் பார்த்த அளவில் பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது வாசிப்பை என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. திட்டத்துக்கு மூன்று வருஷம். மூன்று வருஷத்தில் நிலம் மீளாது; ஆகவே பயிற்சி முகாம்களின் எண்ணிக்கை அறிக்கைக்குப் போகும். பதிவேட்டைச் சத்தமாக வாசித்தவர் பயனாளிப் பட்டியலில் ஒரு எண்ணாவார். ஆனால் இதே நிறுவனங்கள் சில, பஸ் செலவும் வக்கீல் செலவும் கொடுத்துப் பல வழக்குகளைத் தாங்கின என்பதையும் சொல்ல வேண்டும். 1976இன் வெளிநாட்டு நிதிச் சட்டம் 2010இல் மாற்றி எழுதப்பட்டது. 2020 திருத்தத்தில் ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் வழியாக வந்துகொண்டிருந்த சில்லறை நின்றது. இப்போது குழுவில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் கம்பெனியில் ஷிப்ட். கலெக்டரிடம் மனு கொடுக்கிற திங்கட்கிழமைக்கு யார் ஒரு நாள் சம்பளத்தை விடுவது என்று ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவெடுப்பார்கள். ‘போன தபா நான் போனேன், இந்த தபா நீ போண்ணா.’

குழுவுக்குள் சமூகம் என்பது எதுவரை? இதுவும் லேசான விஷயமில்லை. அந்தப் பகுதியில் ஏரிக்கரை ஓரமாக இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. மனைப்பட்டா இல்லை. பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று வேண்டுமென்றால் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். போனால் நீ இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்பார்கள். இதை எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது மன்றத்தில் முதலில் வந்த பதில், ‘அது அவங்க பிரச்சின, அவங்களுக்கு வேற சங்கம் இருக்குது.’ இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் எடுத்தார்கள். எடுக்க வைத்தது எந்தத் தத்துவமும் இல்லை. பழைய பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்த ஏரிக்கரை எல்லையைக் காலடி வைத்துக் காட்டக் கூடியவர் அங்கே ஒரு இருளர் மூதாட்டி மட்டும்தான் என்று தெரியவந்தது.

பெண்கள் விஷயமும் இப்படித்தான் நுழைந்தது. தர்ணாவுக்கு முன்வரிசையில் உட்காரப் பெண்கள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாயில் ஆண்கள் போதும் என்றிருந்தது நிலைமை. ஆனால் எந்த வயல் யாருடையது என்ற நினைவு பெண்களிடம்தான் இருக்கிறது. காரணம் எளிது. கைமாறிப்போன அதே நிலத்தில் அவர்கள்தான் நாற்று நடவும் களை பறிக்கவும் கூலிக்குப் போனார்கள். ‘இது எங்க மாமனார் கொல்லின்னு தெரிஞ்சேதான் குனிஞ்சி நட்டேன்’ என்றார் ஒருவர். பழைய ஒப்படைகள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்தன. காலண்டர் கொடிவழியிலும் மகன், மகனின் மகன் என்றே கிளை இறங்கியது. 1989இன் தமிழ்நாட்டு வாரிசுரிமைத் திருத்தமும், 2005இன் மத்தியத் திருத்தமும் மகளுக்குச் சம பங்கு தருகின்றன, மகள்களை விட்டுவிட்டு வாரிசு மனு போட்டால் மனுவே அடிபடும் என்று எடுத்துச் சொன்னவர், அந்த ‘தாழ்மையுடன்’ என்பதை அடிக்கிற பெண்தான். கல்லூரியில் வணிகவியல் படித்தவர். சட்டம் சொல்கிறது என்றதும் ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர் சொல்கிறார் என்றால் ஒப்புக்கொண்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

இப்போது காலண்டர்த் தாளில் இடம் போதாமல் சார்ட் அட்டை வாங்கியிருக்கிறார்கள். கட்டிக்கொடுத்துப் போன மகள்கள், அவர்கள் போன ஊர், அங்கே பிறந்த பிள்ளைகள் என்று புதிதாக ஒரு வரிசை திறந்திருக்கிறார்கள். ஐந்து முனியன்களில் மூன்று பேருக்கு மகள்கள் இருந்ததாகத் தெரிகிறது. அவர்களின் பெயரைச் சொல்லக் கூடியவர்கள் ஊரில் மூன்று கிழவிகள். ஒருவருக்குக் காது கேட்காது. அவரிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறார்கள்.